விஷ்ணுகிரந்தியை வீட்ல வளர்க்கிறது எப்படி? வளர்த்தவங்க வாங்க, பேசலாம்

மாடிச்செடி_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். விஷ்ணுகிரந்தி வளர்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தரையோட தரையா படர்ந்து, காலைல மட்டும் குட்டி குட்டியா நீலமா பூத்திருக்குமே அதேதான். ரோஜா, மல்லி எல்லாம் எல்லார் வீட்லயும் இருக்கு, நம்ம மண்ணுல தானா முளைக்கிற ஒரு சின்னப் பூவை தேடி வளர்க்கணும்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

நர்சரில கேட்டப்ப "இதான் விஷ்ணுகிரந்தி"ன்னு ஒரு செடி குடுத்தாங்க. பூ நீலம்தான், ஆனா கட்டைவிரல் நகத்தை விட நல்லா பெருசு. செடியும் படராம புதர் மாதிரி நிக்குது, இலை சாம்பல் பச்சைல கொஞ்சம் தடிமனா இருக்கு. இது அதுதானா? இல்லைன்னா எங்கயாவது பொட்டல்ல இருக்கிற செடியை வேரோட எடுத்துட்டு வந்து வைக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேலியோரம்:
செல்வி மேடம், அது விஷ்ணுகிரந்தி இல்ல. நர்சரில ப்ளூ டேஸ்னு விக்கிறது எவால்வுலஸ் க்ளோமெரேட்டஸ், தென் அமெரிக்கா செடி. நம்ம விஷ்ணுகிரந்தி எவால்வுலஸ் ஆல்சினாய்டஸ். ரெண்டும் ஒரே பேரினம்ங்கிறதால நீலத்துல ஒரு சாயல் இருக்கும், அதை வச்சே பேரை மாத்தி சொல்லிடுறாங்க.

பிரிச்சுப் பார்க்க சுலபமான வழி பூக்காம்பு. நம்ம செடில இலையும் தண்டும் சேருற மூலைல இருந்து நூல் மாதிரி மெல்லிசா நீளமா ஒரு காம்பு வரும், பெரும்பாலும் இலையை விட நீளமா இருக்கும், அதோட நுனில ஒண்ணு ரெண்டு பூ. அந்த நர்சரி செடில பூ எல்லாம் கிளை நுனில கும்பலா, காம்பே இல்லாத மாதிரி ஒட்டி உக்காந்திருக்கும். அப்புறம் அளவு. நம்மளது ஒரு சென்டிமீட்டர் கூட வராது, அது ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போகும். லென்ஸ் இருந்தா பூ நடுவுல பாருங்க, சூல்தண்டு ரெண்டா இருக்கும், ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டா பிரிஞ்சிருக்கும். அது இந்த பேரினம் முழுக்க இருக்கிற அடையாளம், அதனால இந்த ரெண்டையும் பிரிக்க உதவாது, ஆனா வேற ஏதோ நீலப்பூவை இதுன்னு நினைச்சு ஏமாறாம இருக்க உதவும்.

இன்னொரு சொந்தக்காரனும் இருக்கான், புல்தரைல வெள்ளைப்பூவோட வட்ட இலையோட கணுவுக்கு கணு வேர்விட்டு ஓடுறது. அது எவால்வுலஸ் நம்முலேரியஸ், அதுவும் அமெரிக்கா பக்கத்து செடி. விஷ்ணுகிரந்தி கணுவுல அப்படி வேர்விடாது, ஒரே அடிவேர்ல இருந்து நாலாபக்கமும் தண்டு பரவும். இலைல, தண்டுல பட்டு மாதிரி ரோமம் இருக்கும், விரலால தடவினாலே தெரியும்.

வேரோட எடுக்கிறது வேணாம். ஏன்னு தனியா எழுதுறேன், கொஞ்சம் பெருசா வரும்.

கரிசல்முத்து:
வேலியோரம் தம்பி சொன்ன அடையாளம் எல்லாம் சரி. ஆனா வேரோட எடுக்கக் கூடாதுன்னு அவ்ளோ கறாரா சொல்லணுமான்னுதான் கேக்குறேன். தரிசுல, வரப்புல கிடக்கிற செடிதானே. மழை பேஞ்சு மண்ணு நல்லா ஊறின பிறகு, கடப்பாரையால சுத்திலும் ஒரு சாண் தள்ளி குத்தி, மண்கட்டியோட பெயர்த்தா வரும். சின்ன கன்னா இருக்கணும், பூத்து காய்ச்ச பழைய செடி பொழைக்காது. சம்மர்ல எடுத்தா கண்டிப்பா போயிடும்.

வேலியோரம்:
முத்து அண்ணே, சின்ன கன்னு, மழைக்காலம், மண்கட்டியோட, இந்த மூணும் சேர்ந்தா பொழைக்க வாய்ப்பு இருக்குங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா இதை படிக்கிறவங்க எல்லாரும் உங்க மாதிரி மண்ணோட பழகினவங்க இல்ல. மேல பார்த்தா உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருக்கும், கீழ வேர் நேரா ஆழமா போயிருக்கும், வருஷக்கணக்கான செடின்னா அடில கட்டை மாதிரி இறுகியிருக்கும். அந்த வேர்க்கட்டைதான் அதோட உயிர். கோடைல மேல இருக்கிறதெல்லாம் காய்ஞ்சு போனாலும் அதுல இருந்துதான் மழைக்கு திரும்ப துளிர்க்குது. கையால பிடுங்கினா பாதில அறுந்துடும், நட்ட இடத்துல நாலு நாள் பச்சையா நின்னுட்டு சாகும், எடுத்த இடத்துலயும் ஒண்ணு குறைஞ்சிருக்கும்.

விதை எடுத்தா அந்த செடி அங்கேயே இருக்கும். அதுலயும் எல்லா காயையும் உருவிடக் கூடாது. காட்டுவிதை சேகரிக்கிறவங்க நடுவுல பொதுவா ஒரு கணக்கு உண்டு, ஒரு இடத்துல விளைஞ்ச விதைல பத்துல ஒரு பங்குக்கு மேல எடுக்கிறதில்ல. அங்க ரெண்டு மூணு செடிதான் இருக்குன்னா அதுவும் வேணாம், வேற இடம் பாருங்க. தனியார் நிலம்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, காப்புக்காடு பக்கம் போகவே போகாதீங்க, அங்க செடியோ விதையோ அனுமதி இல்லாம எடுக்கிறது சட்டப்படி குத்தம்.

வேரோட எடுக்கிறதுக்கு நான் ஒத்துக்கிற ஒரே நிலைமை, நாளைக்கே ஜேசிபி வந்து அந்த இடத்தை வழிக்கப் போகுதுன்னா. அப்ப முத்து அண்ணன் சொன்ன மாதிரியே சின்ன கன்னா பார்த்து எடுங்க, நிலத்துக்காரங்ககிட்ட சொல்லிட்டு.

கரிசல்முத்து:
இது நியாயம். பத்துல ஒண்ணுங்கிற கணக்கு நல்லா இருக்கு, ஏத்துக்கிறேன். செல்விம்மா, விதை எடுக்கணும்னா காய் எப்படி இருக்கும்னு சொல்லிடுறேன். பூ கொட்டினதும் காம்பு கீழ பார்த்து வளைஞ்சிடும். காய் உருண்டையா மிளகை விட சின்னதா தொங்கும். பச்சையா இருக்கையில எடுக்காதீங்க. வைக்கோல் நிறத்துக்கு வந்து, தொட்டா நொறுங்குற பக்குவம் வரணும். நாலா வெடிக்கும், உள்ள அதிகபட்சம் நாலு விதை. ஒரே செடில பூ, பச்சைக்காய், முத்தினகாய் எல்லாம் ஒரே நேரத்துல இருக்கும், அதனால பொறுமையா பார்த்து பார்த்து எடுக்கணும். கீழ ஒரு வெள்ளைத்தாளை விரிச்சுக்கிட்டா சிந்துறது வீணாகாது.

தொட்டிமண்:
நான் தொட்டில வளர்க்கிறேன், என் பங்குக்கு சொல்றேன். இங்க எல்லாரும் காட்டுச்செடிக்கு சத்தே ஆகாதுன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் செம்மண், மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்துதான் வச்சேன், செடி நல்லா அடர்த்தியா வந்துச்சு. சாகவே இல்ல. சத்தில்லாத மண்ணுலதான் வளரும்ங்கிறது வேற, சத்தில்லாத மண்ணுலயும் வளரும்ங்கிறது வேற இல்லையா?

வேலியோரம்:
நல்ல கேள்வி தொட்டிமண், இதுல நீங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. காட்டுல விஷ்ணுகிரந்தி ஏன் சரளை மண்ணு, செம்பொறை, பொட்டல்னு கிடக்குது? சத்து பிடிக்காம இல்ல. சத்து இருக்கிற இடத்துல அருகம்புல்லும் கோரையும் மத்த உயரமான களைகளும் முந்திக்கிட்டு வளர்ந்து வெயிலை மறைச்சிடும், தரையோட கிடக்கிற இது நிழல்ல மாட்டிக்கும். சத்தில்லாத இடத்துல அதுங்க தளர்ந்து போகும், இது தாக்குப்பிடிக்கும். உங்க தொட்டில போட்டி போட ஆளே இல்ல, அதனால உரம் போட்டாலும் பொழைக்குது.

ஆனா ஒண்ணு கேக்கணும், பூ எப்படி? இலை அடர்த்தியா வந்தப்ப பூ எண்ணிக்கை எப்படி இருந்துச்சு?

தொட்டிமண்:
பூ கம்மிதான். அங்கொண்ணு இங்கொண்ணு. தண்டும் கொஞ்சம் நீண்டு தளதளன்னு தொங்குச்சு, காட்டுல பார்க்கிற மாதிரி தரையோட ஒட்டி இறுக்கமா இல்ல. வெயிலும் அரைநாள்தான் அங்க.

வேலியோரம்:
அதேதான். தழைச்சத்து கூடினா இலையும் தண்டும் ஓடும், பூ குறையும். அரைநாள் வெயிலும் சேர்ந்திருக்கு. உரத்தை விட பெரிய ஆபத்து தென்னைநார்க் கழிவும் கம்போஸ்ட்டும் ஈரத்தை பிடிச்சு வச்சுக்கிறதுதான். இந்த வேருக்கு தண்ணி வந்து போகணும், தங்கக் கூடாது. நான் சொல்றது ரெண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், கொஞ்சம் சின்ன சரளை. உரம் கிடையாது. தொட்டி அகலத்தை விட ஆழம் முக்கியம், ஒரு அடியாவது இருக்கட்டும். மண்தொட்டின்னா ரொம்ப நல்லது, பக்கவாட்டுலயும் ஈரம் ஆவியாகிடும். மேல ஒரு அடுக்கு சரளை பரப்பினா தண்டு ஈரமண்ணு மேல கிடக்காது, அழுகாது, பார்க்கவும் அது அதோட சொந்த இடத்துல இருக்கிற மாதிரியே இருக்கும்.

தேனீத்தோழி:
இந்த பேச்சை இப்பதான் பார்த்தேன், மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு. எங்க வாசல்ல விஷ்ணுகிரந்தி, தும்பை, ஓரிதழ்தாமரை மூணும் ஒரு ஓரமா விட்டு வச்சிருக்கேன். விஷ்ணுகிரந்தி பூ வெயில் ஏற ஏறதான் விரியும், மத்தியானம் கிட்ட மூடிக்கும், ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல சின்ன தேனீங்க வரும் பாருங்க, கொசு சைஸ்ல இருக்கிறதுங்க கூட, பூவுல உக்காரும்போது காம்பு நூல் மாதிரிங்கிறதால அப்படியே தாழ்ந்து ஆடும். பெரிய செம்பருத்தி இருந்தாலும் அதை விட்டுட்டு இதுக்கு வருதுங்க, சின்ன உடம்புக்கு சின்ன பூதான் தோது. தும்பைக்கு பட்டாம்பூச்சி, எறும்புன்னு நாள் முழுக்க கூட்டம். மேகமூட்டமா இருந்தா விஷ்ணுகிரந்தி சரியா விரியாது, பூக்கலையேன்னு பதறாதீங்க.

ஒரு வேண்டுகோள், பூச்சிமருந்து மட்டும் பக்கத்துல கூட அடிக்காதீங்க. வேப்பெண்ணெய்னாலும் காலைல பூ விரிஞ்சிருக்கிற நேரத்துல தெளிக்க வேணாம்.

சித்தமருந்து_ரவி:
இதை கஷாயம் வச்சு குடிக்கலாமே, அதை யாரும் சொல்லலையே?

வேலியோரம்:
ரவி, மருந்தா சாப்பிடுறதை வைத்தியர்கிட்ட கேளுங்க, இங்க வேணாம். மருந்துச் சரக்குலயே சங்கபுஷ்பின்னு ஒரே பேர்ல இதையும், இதோட உறவான இன்னொரு படர்கொடியையும், நம்ம சங்குப்பூவையும் மாத்தி மாத்தி விக்கிறாங்க. பேரை நம்பி வாயில வைக்கிற விஷயம் இல்ல இது.

பட்டாம்பூச்சி_பார்வை:
நாட்டுச்செடின்னு சொல்லும்போது இன்னொன்னையும் சேர்த்துக்கிறேன். வெட்டுக்காயப்பூண்டு ரோட்டோரம் எல்லா இடத்துலயும் இருக்கு, தாத்தா காலத்துல இருந்து காயத்துக்கு வச்சு கட்டுறோம், அதனால அது நம்மளதுன்னே நினைப்போம். அது வெப்பமண்டல அமெரிக்கால இருந்து வந்தது. உன்னிச்செடியும் அமெரிக்கா. நித்தியகல்யாணி மடகாஸ்கர். தானா முளைக்கிறது எல்லாம் நாட்டுச்செடி இல்லைங்க, தோட்டத்துல விட்டு வைக்கிறதுக்கு முன்னாடி எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடுங்க. வெட்டுக்காயப்பூண்டு பூவுக்கும் பட்டாம்பூச்சி வரும்தான், மறுக்கல, ஆனா அது பாராசூட் விதையை காத்துல விட்டு ஒரு சீசன்ல முழு இடத்தையும் பிடிச்சிடும், விஷ்ணுகிரந்திக்கு மூச்சு விட இடம் இருக்காது.

பனிநாட்டு_வாசகி:
நான் குளிர்நாட்டுல இருக்கேன், சின்ன வயசுல பார்த்த பூ இது. யாராவது விதை அனுப்பினா இங்க ஜன்னலோரம் வளர்க்கலாமா? அந்த நீலத்தை திரும்ப பார்க்கணும் போல இருக்கு.

வேலியோரம்:
உங்க ஏக்கம் புரியுதுங்க. ஆனா விதையை நாடு விட்டு நாடு தபால்ல அனுப்ப தாவர நோய்த்தடுப்பு விதிகள் இருக்கு, சான்றிதழ் இல்லாம அனுப்பக் கூடாது, அனுப்பச் சொல்லி நான் சொல்லவும் மாட்டேன். வெயிலும் சூடும் இல்லாம ஜன்னலோரம் அது ஏங்கித்தான் நிக்கும்.

நீங்க இருக்கிற மண்ணுல பிறந்த சின்னப் பூ ஒண்ணை எடுத்துக்கோங்களேன். அங்க காட்டு வயலட் வகைகள் இருக்கும். அதோட விதைல எண்ணெய்ச்சத்தா ஒரு சின்ன துண்டு ஒட்டியிருக்கும், எறும்பு அதுக்காக விதையை இழுத்துட்டுப் போயி, துண்டை தின்னுட்டு விதையை போட்டுடும், செடி அப்படித்தான் இடம் மாறும். குளிர்நாட்டு காட்டுவிதை நிறைய, ஈரத்தோட சில வாரமாவது குளிர்ல கிடந்தாதான் முளைக்கும், அதனால இலையுதிர் காலத்துலயே வெளில விதைச்சுட்டு பனியை அதோட வேலையை செய்ய விடுங்க. விதையை முளைக்க தயார்படுத்துற வேலையை நம்ம விஷ்ணுகிரந்திக்கு வெயில் செய்யுது, அங்க குளிர் செய்யுது.

பனிநாட்டு_வாசகி:
ரொம்ப நன்றி. ஓரிதழ்தாமரையும் வயலட் குடும்பம்தானே? அப்ப ஊர் செடிக்கு ஒரு உறவு இங்கயும் இருக்கு. அதையே வைக்கிறேன்.

மாடிச்செடி_செல்வி:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ விவரம் வரும்னு நினைக்கல. தெரிஞ்சவங்க நிலத்துல நிறைய இருந்துச்சு, கேட்டுட்டு கொஞ்சமா விதை எடுத்தாச்சு. கடுகை விட சின்னதா, கரும்பழுப்பு நிறத்துல கெட்டியா இருக்கு. ஈரத்துணில சுத்தி வச்சுப் பார்த்தேன், வாரமாகியும் அப்படியே கல்லு மாதிரி கிடக்கு. விதை உயிரோட இல்லையா?

வேலியோரம்:
உயிரோடதான் இருக்கும். இந்த குடும்பத்து விதையோட தோல் தண்ணியை உள்ளயே விடாது. அதனாலதான் துணில வச்சும் ஊறல. காட்டுல கோடை வெயில்ல மண்ணு பகல்ல கொதிச்சு ராத்திரில ஆறி, திரும்ப கொதிச்சு ஆறி, அந்த தோல்ல ஒரு குறிப்பிட்ட இடம் விட்டுக்கொடுக்கும், அப்புறம் மழை வந்தா தண்ணி உள்ள போகும். அதுவும் எல்லா விதைக்கும் ஒரே வருஷம் நடக்காது. சிலது இந்த மழைக்கு, சிலது அடுத்த வருஷத்து மழைக்குன்னு பிரிஞ்சு முளைக்கும். ஒரு வருஷம் மழை பாதில நின்னு போயி முளைச்சதெல்லாம் கருகினாலும் மண்ணுக்குள்ள மிச்சம் இருக்கும்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

நம்ம வீட்ல அதை சீக்கிரமா செய்யணும்னா நைஸ் உப்புத்தாள் ரெண்டு எடுத்து நடுவுல விதையை போட்டு லேசா, ரொம்ப லேசா தேய்க்கணும். தோலோட பளபளப்பு போயி மங்கினா போதும், உள்ள வெள்ளை தெரியிற வரைக்கும் தேய்ச்சா முளைக்குருத்து அடிபட்டுடும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில ராத்திரி முழுக்க ஊறப் போடுங்க. காலைல பாருங்க, உப்பி பெருத்திருக்கிறது மட்டும் விதைக்க ரெடி. உப்பாததை எடுத்து காயவச்சு திரும்ப ஒரு தடவை தேயுங்க.

கரிசல்முத்து:
உப்புத்தாள் இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி. மணல்தொட்டில மாசி பங்குனிலயே தூவி, மேல விதை மறையிற அளவுக்கு மட்டும் மணல் போட்டு, தண்ணி ஊத்தாம சித்திரை வெயில்ல அப்படியே போட்டுடுங்க. கோடைமழை, இல்லைன்னா ஐப்பசி மழை, எப்ப வருதோ அப்ப அதுவே எந்திரிக்கும். எறும்பு வராம மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.

தொட்டிமண்:
முத்து அண்ணே இந்த முறை எனக்கு பிடிச்சிருக்கு. நானும் இந்த தடவை உரமில்லாத மணல்தொட்டி ஒண்ணு, என் பழைய கலவைல ஒண்ணு, ரெண்டையும் முழுவெயில்ல வச்சு பார்க்கப் போறேன். வெயில்தான் காரணமா உரம்தான் காரணமான்னு அப்பதான் பிரிச்சு சொல்ல முடியும்.

மாடிச்செடி_செல்வி:
அப்டேட். உப்புத்தாள் வேலை செஞ்சிடுச்சு!! தேய்ச்சு ஊறப்போட்டதுல பாதிக்கு மேல உப்பிடுச்சு, மணல் கலவைல விதைச்சேன், இப்ப குட்டி குட்டியா தலை காட்டுது. வேற களையும் கூட முளைக்குது, எது எதுன்னு தெரியல, பிடுங்க பயமா இருக்கு. ஒரே தொட்டில நெருக்கமா வேற இருக்கு, பிரிச்சு வேற தொட்டிக்கு மாத்தலாமா?

தேனீத்தோழி:
அய்யோ சூப்பர் செல்வி!! நீங்க விதைச்ச தொட்டில எல்லாம் ஒரே மாதிரி கும்பலா வர்றதுதான் உங்களது, மத்த தொட்டிலயும் முளைக்கிறது களை. நாலஞ்சு இலை வந்த பிறகு சாய்வெயில்ல பாருங்க, பட்டு ரோமம் வெள்ளியா மின்னும். அதுவரைக்கும் எதையும் பிடுங்காதீங்க.

வேலியோரம்:
மாத்துறதுன்னா இப்பவே மாத்தணும், வேர் ஆழமா போன பிறகு தொடக்கூடாது. நாலு இலை பருவத்துல ஒரு ஸ்பூனை ஆழமா விட்டு மணலோட அள்ளி, வேர் வளையாம நேரா இறக்குங்க. சாயங்காலமா செய்யுங்க, ரெண்டு மூணு நாள் லேசான நிழல், அப்புறம் படிப்படியா முழுவெயில். நெருக்கமா இருக்கிறதுல எல்லாத்தையும் காப்பாத்த பார்க்காதீங்க, ஒரு அடி தொட்டிக்கு மூணு செடி போதும், மிச்சத்தை அடிமட்டத்துல கத்தரிக்கோலால வெட்டிடுங்க, இழுத்து பிடுங்கினா பக்கத்து வேரும் ஆடிடும்.

தண்ணி, மேல் மண்ணு ரெண்டு விரற்கடை காய்ஞ்ச பிறகு மட்டும். அடுத்த கோடைல மேல இருக்கிறது காய்ஞ்சா செத்துடுச்சுன்னு தொட்டியை கவுத்துடாதீங்க, பத்து நாளுக்கு ஒருதடவை லேசா நனைச்சுட்டு மழை வரைக்கும் விட்டு வைங்க.

மாடிச்செடி_செல்வி:
சரிங்க, இன்னைக்கு சாயங்காலமே ஸ்பூனோட உக்காருறேன். அந்த நர்சரி செடியை என்ன பண்றது? பாவம் அதுவும் நல்லாத்தான் பூக்குது.

பட்டாம்பூச்சி_பார்வை:
அது இருக்கட்டும் மேடம், எந்த செடியையும் தூக்கிப் போட வேணாம். தனித் தொட்டில, ப்ளூ டேஸ்னு சரியான பேரை எழுதி வைங்க. உங்ககிட்ட பார்த்துட்டு அடுத்தவங்க விஷ்ணுகிரந்தின்னு கிளை வாங்கிட்டுப் போயிடக் கூடாது, அதை வெட்டி நட்டாலே வேர்விடும், அப்படித்தான் பேர் மாறி மாறி பரவுது. யாராவது கேட்டா காய் முத்தினதும் நம்ம செடியோட விதையையே குடுங்க, கூடவே ஒரு துண்டு உப்புத்தாளும்.